அசைவில் பிறக்கும் இசை – ஒரு மதிப்பீடு

உடல் அசைவை இசையாக மாற்றித்தரும் கருவிகள் நம் எல்லையோர ஊர்களுக்கும் வந்துவிட்டன. சென்ற ஆண்டு விழாவில் பாறசாலை மேடையிலேயே அப்படி ஒன்றைப் பார்த்தோம். சக்கர நாற்காலியில் பத்தொன்பது வயதுப் பிள்ளை. மூளை முடக்குவாதம் உள்ளவன். எதிரே ஒரு மடிக்கணினி, அதில் ஒரு கேமரா. அவன் வலது கை அசைய அசைய ஒலிபெருக்கியிலிருந்து வீணை நாதம் வந்தது. ஐந்து நிமிடம் இப்படி நடந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன். எல்லோரையும்விட அதிகமாக நான்தான் தட்டியிருப்பேன்.

நாலு நாள் கழித்து அந்தப் பிள்ளையின் தாயார் என் பாத்திரக் கடைக்கு வந்தார். விழா நன்றாக இருந்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, அது அவன் கை செஞ்சதுல்லா? அவன் செஞ்சதில்லையே."

அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை. கையும் அவனுடையதுதானே, பிறகு என்ன வேறுபாடு? அந்த வேறுபாட்டைத் தேடிப் போனதில் படித்ததையும் பார்த்ததையும் இந்த மலரில் வைக்கிறேன். நான் இசை படித்தவனும் இல்லை, மருத்துவனும் இல்லை. பிழை இருந்தால் அறிந்தோர் பொறுத்துத் திருத்துக.

ஓசையுள்ள கிரியை, ஓசையில்லாக் கிரியை

அசைவு இசையாவது நமக்குப் புதிய செய்தி அன்று. நம் தாள இலக்கணம் கையசைவை இரண்டாகப் பிரிக்கிறது: ஓசை எழுப்பும் சசப்த கிரியை, ஓசை எழுப்பாத நிசப்த கிரியை. ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, மறுபடி தட்டு வீச்சு. ஆக எட்டு. வீச்சில் ஓசை இல்லை. ஆனாலும் அது கணக்கில் உண்டு. ஓசை எழாத அசைவையும் இசை என்று கொண்ட மரபு நம்முடையது.

அடுத்தது சலங்கை. என் கடையில் சலங்கை மணியை எடை போட்டுத்தான் விற்கிறோம். வில்லடிச்சாம்பாட்டுக்காரர்கள் வில்லில் கட்ட மணி வாங்க வந்தால் ஒவ்வொன்றாகக் குலுக்கிக் காதருகே வைத்துப் பார்ப்பார்கள். பத்தில் இரண்டைத் தள்ளிவிடுவார்கள். தள்ளியதும் ஒலிக்கிற மணிதான், சேராது, அவ்வளவுதான். ஆட்டக்காரருக்கோ சலங்கையை ஒலிக்க வைப்பது சுலபம். ஒலிக்காமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். காலில் நூறு மணி கட்டிக்கொண்டு ஒரே ஒரு மணியை மட்டும் ஒலிக்கச் செய்வதைக் கதக் ஆடுவோர் பெரிய தேர்ச்சியாகச் சொல்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளையும், எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் கொண்ட அரங்கின் அளவையும் இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார். ஓர் உடலின் அசைவு இசையோடு பொருந்துவதற்குப் பின்னால் இத்தனை பேர், இத்தனை ஆண்டு. நாம் நம் பிள்ளைக்குக் கொடுத்தது ஐந்து நிமிடம்.

கை ஒடுங்கியவர் காற்றில் வாசித்தது

மேல்நாட்டுக் கதையும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. ரஷ்யப் பொறியாளர் லெவ் தெர்மென் 1920இல் தொடாமலே வாசிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். தெரமின் என்று அதற்குப் பேர். இரண்டு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வலது கை ஒன்றை நெருங்கினால் சுருதி ஏறும், விலகினால் இறங்கும். இடது கை மற்றொன்றின் மேல் உயர்ந்து தாழ ஒலி கூடிக் குறையும். 1928இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது.

அந்தக் கருவியில் உலகப் புகழ் பெற்றவர் கிளாரா ராக்மோர். 1911இல் வில்னியூசில் பிறந்தவர். சிறு வயதிலேயே வயலின் மேதை எனப் பெயரெடுத்தவர். பிறகு கை பலவீனப்பட்டு வயலினைக் கைவிட வேண்டி வந்தது. வில் பிடிக்க முடியாமல் போன கைதான் காற்றில் வாசிக்கக் கற்றுக்கொண்டது. இந்த வரலாற்றின் முதல் பெரிய கலைஞரே உடலால் தடுக்கப்பட்ட ஒருவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அவர் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஒலியெல்லை போதாது, அதிகமாக்குங்கள். ஒலி கூட்டிக் குறைக்கும் கம்பி மந்தமாக இருக்கிறது, வேகமாக்குங்கள். பெட்டி என்னை மறைக்கிறது, தாழ்த்துங்கள் என்று தெர்மெனிடம் கேட்டு மாற்ற வைத்தார். காற்றில் விரல் வைக்கும் முறையைத் தாமே வகுத்தார். தெரமின் வாசிக்கும்போது உடம்பு ஆடக்கூடாது. தலை அசைந்தாலும் சுருதி கலையும்.

இதே தெர்மென் ஆடுவோருக்காக ஒரு மேடையும் செய்தார். மேடையின்மேல் உடல் ஏறி இறங்கினால் சுருதியும் ஏறி இறங்கும். 1932இல் நியூயார்க் கார்னகி அரங்கில் அதைக் காட்டினார்கள். ஆடுவோர் பலரால் அதில் சுருதி பிடிக்க முடியவில்லை என்றும், கடைசியில் கிளாராவே அதில் ஏறி வாசித்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அழகான அசைவு இருந்தால் அழகான இசை தானே வரும் என்ற நம்பிக்கை அன்றைக்கே உடைந்துபோயிற்று. அசைவை எவ்வளவு வேண்டுமானாலும் கருவி ஒலியாக்கும். அதை இசையாக்க, கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் காது வேண்டும்.

சவுண்ட்பீமும் கேமராவும்

மாற்றுத்திறனாளிகளுக்கென்று இந்த வகைக் கருவி பரவியது 1980களின் இறுதியில். பி.பி.சி.யின் 'லைஃப் ஆன் எர்த்' தொடருக்கு இசையமைத்த எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் சவுண்ட்பீம் என்பதை உருவாக்கினார். வௌவால் வழி பார்க்கிற முறைதான். நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும், எதிரே இருக்கிற கையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும், அந்தத் தூரத்தைச் சுரமாக மாற்றும். ஆடுவோருக்காகத்தான் அவர் தொடங்கினார். சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் அதைத் தம் வகுப்புக்குள் கொண்டுபோனார்கள். ஒரு விரலோ கண்ணிமையோ மட்டுமே அசையும் குழந்தைக்கும் எட்டும்படி அந்தக் கதிரைச் சுருக்கலாம், சக்கர நாற்காலி நகரும் அளவுக்கு நீட்டவும் செய்யலாம்.

அமெரிக்காவில் இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் (1932–2016) 2007 வாக்கில் வேறு வழி பிடித்தார். மேளக் கலைஞரும் தொழில்வழிச் சிகிச்சையாளருமான லீஃப் மில்லரோடு சேர்ந்து, மிகக் குறைவாகவே அசைய முடிந்த பிள்ளைகளுக்காக ஏ.யு.எம்.ஐ. என்ற மென்பொருளை உருவாக்கினார். தகவமைத்துக்கொள்ளும் இசைக்கருவி என்று அந்தப் பேருக்குப் பொருள். தனிக் கருவி தேவையில்லை, கணினியின் கேமரா போதும். மூக்கு நுனியையோ கன்னத்தையோ குறி வைத்துவிட்டால் கேமரா அந்தப் புள்ளியைத் தொடர்ந்து போகும். புள்ளி ஒரு கட்டத்துக்குள் நுழைந்தால் ஒலி பிறக்கும். இதை இலவசமாகவே கொடுத்தார்கள்.

இவற்றை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. இரண்டிலும் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. உடம்பைக் கருவிக்கு ஏற்ப வளைக்காமல், கருவியை உடம்புக்கு ஏற்ப வளைத்தார்கள். வீணைக்கு இரண்டு கை வேண்டும், குழலுக்கு மூச்சும் விரலும் வேண்டும் என்பதெல்லாம் இயற்கை விதியா? கருவி செய்தவனின் உடம்பு அப்படி இருந்தது, அவ்வளவுதானே. வைக்கத்தைச் சேர்ந்த பார்வையற்ற விஜயலட்சுமிக்கு அவருடைய தந்தையே ஒற்றைத் தந்தியில் ஒரு வீணை செய்து கொடுத்தார். அதுவே காயத்ரி வீணை என்று பேர் பெற்றது. ஒரு தந்தி போதும் என்று முடிவு செய்தது அந்தக் காது. சமண நூல்கள் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுத்தாலும், உயிரின் இலக்கணம் அறிவே என்றுதான் சொல்கின்றன. பொறி குறைந்தால் வழி குறையுமே தவிர, வழி தேடுகிறவன் குறைவதில்லை.

மோகனத்தின் பாதுகாப்பு

என் குறை எங்கே தொடங்குகிறது என்றால், கருவியை அமைத்துக் கொடுக்கும் விதத்தில். இவற்றைப் பெரும்பாலும் ஐந்து சுரத்தில் வைத்துவிடுகிறார்கள். ச, ரி, க, ப, த. நம் மோகனம். அதையே பழைய முல்லைத் தீம்பாணி என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். மேல்நாட்டில் குழந்தைகளுக்கு இசை கற்பித்த கார்ல் ஆர்ஃபும் ஐந்து சுரத்திலிருந்துதான் தொடங்கினார். காரணம் எளிது. இந்த ஐந்தில் எதை எதோடு சேர்த்தாலும் காதில் உறுத்தாது.

தொடங்க இது நல்ல இடம். அதிலேயே நின்றுவிட்டால் வம்பு. எதை அசைத்தாலும் இனிமையாகவே வரும் என்றால், எதை அசைத்தாலும் ஒன்றுதான் என்று பொருள். காற்றில் தொங்கவிட்ட மணிச்சரமும் அப்படித்தான் ஒலிக்கிறது. அதை யாரும் வித்துவான் என்று சொல்வதில்லை. கச்சேரியில் ஒருவர் அபசுரம் பாடினால் முன்வரிசையில் இருப்பவர் முகம் சுளிக்கிறார். அது மரியாதைக் குறைவு இல்லை. உன்னால் சரியாகப் பாட முடியும் என்று எதிர்பார்த்ததால் வந்த சுளிப்பு. தவறு செய்ய இடமில்லாத கருவியைக் கையில் கொடுப்பது, உன்னிடம் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று இனிமையாகச் சொல்வதுதான்.

இன்னொன்று, இந்தச் சுரங்கள் துண்டு துண்டாக வருகின்றன. 1983இல் வந்த மிடி என்ற முறை, விசைப்பலகையை மனத்தில் வைத்து அமைந்தது. நம் மோகனத்தில் காந்தாரம் அசைந்து வர வேண்டும். அசையாத காந்தாரம் ஓட்டு வீட்டில் மழைத்துளி சொட்டுவதுபோல டக் டக் என்று விழும். சுரத்தை வளைக்க அதே முறையில் வழி இருக்கிறது. கமகம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் வைக்கவில்லை. நடுங்கும் கையை உடையவனுக்கு, அசைந்தே தீர வேண்டிய ஒரு சுரம் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் மேடையில் நடந்தது

இப்போது அந்தத் தாயாரின் வாக்கியத்துக்கு வருகிறேன். மூளை முடக்குவாதத்தில் தசை இறுகி நிற்கும் வகை உண்டு, கைகால் தானாக நெளிந்து வீசும் வகையும் உண்டு. நம் பிள்ளைக்கு வலது கை இரண்டாம் வகை. அவன் சும்மா இருக்க நினைத்தாலும் அது சும்மா இருக்காது. நினைக்க நினைக்க இன்னும் கூடும். அவன் சொன்ன பேச்சைக் கேட்கும் உறுப்பு தலை மட்டும்தான். இடது வலது என்று திருப்புவான், ஆமாம் இல்லை என்பதையும் அப்படித்தான் சொல்வான். நாங்கள் கேமராவை எங்கே வைத்தோம்? மேடையில் எடுப்பாகத் தெரியும் என்று அந்த வலது கைக்கு நேரே வைத்தோம். அவன் நடுநடுவே தலையைத் திருப்பி எங்களைத் தேடியதை உற்சாகம் என்று நினைத்துக்கொண்டோம். நிறுத்தச் சொல்லியிருக்கிறான். நிறுத்தும் வழி அவனிடம் இல்லை.

கோவலன் கொலைக்குப் பின் பாண்டியன் அவையில் நடந்ததை எல்லோரும் அறிவோம். கண்ணகியின் சிலம்பும் அரசியின் சிலம்பும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. உடைத்தபோதுதான் ஒன்றில் மாணிக்கம், மற்றொன்றில் முத்து என்பது தெரிந்தது. விழா மேடையில் எழுந்த நாதத்தின் உள்ளே என்ன பரல் இருந்தது என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. தாய் பார்த்தாள்.

பழுது மின்கருவியால் மட்டும் வந்ததில்லை. அதற்கு முன்பே ஒரு பண்டிகை நாளில் நானே ஆசையாக அவன் மணிக்கட்டில் சலங்கை கட்டிவிட்டேன். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் அது ஒலித்தது. "அவனுக்கு மடுத்துப்போச்சு அண்ணாச்சி" என்று தாயார் அரை மணியில் அவிழ்த்துவிட்டார். பித்தளையில் செய்த அதே தவறைத்தான் பிறகு கணினியில் செய்திருக்கிறேன்.

வீட்டுக் கூடத்தில்

தாயாரிடம் அனுமதி கேட்டு, மறுபடி முயன்றோம். என் பேரனுக்குக் கணினி தெரியும். எனக்குத் தாளம் தெரியும், பாட்டு வராது. இந்த முறை கேமரா பிள்ளையின் முகத்துக்கு நேரே. இடப்பக்கம் திரும்பினால் சட்ஜம், வலப்பக்கம் திரும்பினால் பஞ்சமம். நேரே பார்த்தால் ஒலி இல்லை. கையை எவ்வளவு வீசினாலும் ஒன்றும் வராது. வேறெதுவும் வைக்கவில்லை.

சில்லறைத் தொல்லைகள் நிறைய. சாதாரணக் கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது. அதைக் கணக்கிட்டு ஒலி தர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தத் தாமதம் விளம்ப காலத்தில் தெரியாது, காலம் கூடினால் தாளத்தைக் கெடுத்துவிடும். குழல் விளக்கின் துடிப்பில் கேமரா குழம்பும். பின்னால் யாராவது நடந்தால் அதையும் வாசிப்பாக எடுத்துக்கொள்ளும். சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினோம், கதவைச் சாத்தினோம், சரியானது.

முதல் நாள் அவன் செய்ததைச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் திரும்பினான். ஒலி வந்தது. மறுபடி திரும்பினான். அதே ஒலி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. பாட்டு ஒன்றும் இல்லை, சோதனைதான். என் கடையில் மணியைக் காதருகே குலுக்கிப் பார்க்கிறவர்கள் செய்வதும் இதைத்தான். பிறகு நேரே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தான். அறையில் சத்தம் இல்லை. அவன் முகத்தில் அப்போது வந்த சிரிப்பு விழா மேடையில் வரவில்லை.

சிதறால் மலையில் பார்சுவநாதர் நின்ற கோலத்தில் இருக்கிறார். பாறசாலைக்கு மிக அருகில்தான், போய்ப் பார்த்தவர்கள் நம்மில் பலர். காயோத்சர்க்கம் என்று அந்த நிலைக்குப் பேர். உடம்பை விட்டுவிட்டு நிற்பது. அசையாமல் இருப்பதும் ஒருவன் தேர்ந்தெடுத்துச் செய்யும் செயல் என்பதை அந்தப் பாறையைப் பார்த்து நான் படித்திருந்தேன். இந்தக் கூடத்தில்தான் புரிந்தது.

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் போகிறேன். நான் ஆதி தாளம் போட, அவன் சமத்தில் சட்ஜமும் ஐந்தாம் எண்ணில் பஞ்சமமும் வைக்கப் பார்க்கிறான். பாதி நேரம் பிந்திவிடும். பிந்தினால் அவனுக்கே தெரிகிறது. கோபம் வருகிறது. மறுபடி என்று கண்ணால் சொல்கிறான். போன வாரம் எட்டாம் எண்ணில், வீச்சில், நேரே பார்த்து அசையாமல் நின்றான். வேண்டுமென்று நிறுத்தினானா, களைத்துப்போய் நின்றானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சங்கத்திடம் ஒரு விண்ணப்பம்

இதுவரை சொன்னதிலிருந்து, இப்படிப்பட்ட கருவியை மதிப்பிட மூன்று கேள்வி போதும் என்று நினைக்கிறேன். ஒன்று, ஒரே அசைவுக்கு எப்போதும் ஒரே ஒலி வருகிறதா? வராவிட்டால் பயிற்சி செய்ய முடியாது. இரண்டு, தவறு செய்ய முடிகிறதா? முடியாவிட்டால் சரியாகச் செய்வதற்குப் பொருளே இல்லை. மூன்று, வாசிப்பவன் நினைத்தால் நிறுத்த முடிகிறதா? முடியாவிட்டால் வாசிப்பது அவனில்லை, கருவிதான் அவனை வாசிக்கிறது. கிளாராவின் தெரமின் மூன்றிலும் தேறும். சவுண்ட்பீமும் ஏ.யு.எம்.ஐ.யும் அமைப்பவர் கவனித்து அமைத்தால் தேறும். நம் விழா மேடை மூன்றிலும் தேறவில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கலை, பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் அவர்கள் பங்கு பெறுவதைப் பேசுகிறது. கலைப் பாடங்களைத் திருத்தி அமைப்பதும் அதில் வருகிறது. எல்லைக்கு இப்புறம் சட்டம் ஒன்று, அப்புறம் வேறொன்று என்பது இதில் இல்லை. களியிக்காவிளையைத் தாண்டினாலும் அதேதான். ஆனால் சட்டம் வந்து கூடத்தில் உட்கார்ந்து தாளம் போடாது. அதற்கு ஆள் வேண்டும்.

இந்த ஆண்டு விழாவிலும் அதே நிகழ்ச்சியை இன்னும் பெரிதாக வைக்க வேண்டும் என்று குழுவில் பேச்சு இருக்கிறது. என் விண்ணப்பம் இது. மேடைக்கு ஒதுக்கும் தொகையில் நம் ஊர்ப் பகுதியில் இப்படி இருக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வோம். தாளம் தெரிந்தவர், கணினி தெரிந்தவர், பிள்ளையை அறிந்தவர் என்று வீட்டுக்கு மூன்று பேர் போதும். எந்த உறுப்பு அவர்கள் பேச்சைக் கேட்கிறது என்பதைத் தாயிடம் முதலில் கேட்போம். அரங்கேற்றம் எப்போது என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

அன்றைக்கு வாசிப்பில் பிசகு வந்தால், முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் முகம் சுளிப்பவன் நானாக இருப்பேன். கைதட்டுவதாக இருந்தால் அதற்குப் பிறகு தட்டுகிறேன்.